வாயிலில் மறிக்கும் மருந்து

கோலார் தங்கவயலின் ஊரிகத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தங்கத்தைப் பற்றி ஒரு விஷயத்தை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. அது பாறையில் மின்னிக்கொண்டு கிடப்பதில்லை என்பதே அது. ஜான் டெய்லர் கம்பெனியார் 1880-இல் இங்கே கால் வைத்த நாள் முதல், 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்ட நாள் வரையில், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து லைன் வீடுகளில் குடியேறியவர்கள், பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழம் வரையில் இறங்கி வெட்டி மேலே அனுப்பியதெல்லாம் பாறையே. அந்தப் பாறையில் ஒரு டன்னுக்குக் கிராம் கணக்கிலேயே பொன் ஒளிந்திருந்தது. எந்தத் திசையில் வெட்டினால் நல்ல கல் அகப்படும் என்று சொல்வதற்குப் பூகர்ப்ப சாஸ்திரிகளின் வரைபடங்கள் இருந்தன. ஆனால் வரைபடத்தின் சொல்லை மட்டும் நம்பி எந்த மானேஜரும் தங்கக் கணக்கு எழுதவில்லை. பாறை முகத்திலிருந்து சில்லுகளைப் பெயர்த்து, பைகளில் கட்டி, அஸ்ஸே ஆபீஸுக்கு அனுப்பி, அங்கே அவற்றை மாவாக அரைத்து, ஈயச் சேர்மானத்தோடு மூசையில் உருக்கி, எஞ்சி நின்ற சிறு மணியைத் தராசில் நிறுத்த பிறகுதான் இன்ன இடத்தில் இத்தனை என்று முடிவு செய்தார்கள். வரைபடம் சொன்னது அனுமானம். தராசு சொன்னது பிரத்தியட்சம்.

மருந்து தேடும் வேலையும் இந்நாளில் பெரும்பாலும் இப்படிப்பட்டதாகவே ஆகியிருக்கிறது. மருந்தாகப் பயன்படக்கூடிய சிறிய கரிம மூலக்கூறுகள் மொத்தம் எத்தனை இருக்கக் கூடும் என்ற கேள்விக்கு ரசாயனிகள் வழக்கமாகச் சொல்லும் தொகை, ஒன்றுக்குப் பின்னால் 60 சுன்னங்கள் இட்டால் வரும் தொகை. அத்தனையையும் செய்து பார்ப்பதற்கு இந்தப் பூமியில் உள்ள பொருளே போதாது. ஆகவே எதைச் செய்து பார்ப்பது, எதைத் தொடாமல் விடுவது என்று முன்கூட்டியே சொல்ல ஒரு வரைபடம் வேண்டியிருக்கிறது. அந்த வரைபடத்தை எழுதித் தருவது கம்ப்யூட்டர். வைரஸ் நம் உயிரணுவுக்குள் புகுவதற்கு முன்பே அதை வாயிலில் மறித்து நிறுத்தும் மருந்தை இவ்வகையில் தேடிய கதையைத்தான் இங்கே சொல்லப் புகுகிறேன். அந்தக் கதையின் வேர் ஒன்று சென்னைக் கிண்டியில் இருக்கிறது. அதன் மிக அழகிய கிளை ஒன்று, இங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பூத்தது.

மாரிக்குப்பத்தில் புறப்பட்டு, ஊரிகம் வழியாகப் பங்காருப்பேட்டையைத் தொட்டு, பெங்களூருக்குச் செல்லும் ரயில்தான், சுரங்கம் மூடிய பிறகு இந்த ஊருக்குச் சோறு போட்டு வருகிறது. 2020 மார்ச் மாதக் கடைசியில் அந்த ரயில் நின்றது. நூறு நானோமீட்டர் அளவே உள்ள ஒரு துகள், அதாவது ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் பதினாயிரம் அடுக்கி வைக்கத் தக்க ஒரு துகள், ஒரு தேசத்தின் ரயில்களையெல்லாம் நிறுத்தியதே, அதன் பலம் எங்கே இருக்கிறது? அதற்கென்று தனியாக ஜீவனம் கிடையாது. தன்னைப் பெருக்கிக்கொள்ளும் கருவிகளும் கிடையாது. பிறருடைய உயிரணுவுக்குள் பிரவேசித்து, அங்கே உள்ள யந்திரங்களைத் தன் வேலைக்கு அமர்த்திக்கொள்ளும் வரையில் அது ஒரு ஜடப் பொருளே. பிரவேசம் ஒன்றே அதன் வாழ்வு. அதைத் தடுத்துவிட்டால், உள்ளே நடக்கும் அக்கிரமங்கள் எவற்றுக்கும் மருந்து தேட வேண்டிய அவசியமே நேராது என்பதனால்தான், நுழைவைத் தடுக்கும் மருந்துகளின் மேல் விஞ்ஞானிகளுக்கு அத்தனை ஆசை.

கொரோனா வைரஸின் மேற்பரப்பில் முட்கள்போல நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் என்ற புரதமே அதன் பிரவேசக் கருவி. ஒவ்வொரு ஸ்பைக்கும் மூன்று இழைகள் பின்னிய ஒரு கற்றை. ஒவ்வோர் இழையிலும் 1,273 அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. கற்றையின் உச்சியில் மூன்று தலைகள் உண்டு. அவை சில வேளை கவிழ்ந்து படுத்திருக்கும். சில வேளை ஒன்றோ இரண்டோ நிமிர்ந்து எழும். நிமிர்ந்த தலைதான் நம் உயிரணுக்களின் மேல் உள்ள ஏஸ்-2 என்ற ஏற்பியைப் பற்றிக்கொள்கிறது. பற்றிய பிறகு, நம்முடைய உடம்பில் உள்ள ஒரு நொதியே அந்த ஸ்பைக்கைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டிவிட, உள்ளே மடங்கியிருந்த பகுதி ஈட்டிபோல் பாய்ந்து உயிரணுவின் சவ்வில் குத்தி, இரண்டு சவ்வுகளையும் இழுத்து ஒன்றாக்கிவிடுகிறது. பற்றுதல், வெட்டுப்படுதல், சவ்வுகள் கலத்தல் என்ற இந்த மூன்று கட்டங்களில் எந்த ஒன்றைத் தடுத்தாலும் போதும்.

ஆனால் கதவு எது என்று சரியாக அறியாமல் காவல் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு, மலேரியா மாத்திரையாகிய ஹைட்ராக்ஸி குளோரோகுயின் விஷயமே சாட்சி. பரிசோதனைச் சாலைகளில் வழக்கமாக வளர்க்கப்படும் வீரோ என்ற குரங்குச் சிறுநீரக உயிரணுக்களில் அந்த மாத்திரை வைரஸைத் தடுத்தது உண்மை. அந்த உயிரணுக்களில் வைரஸ் ஒரு சிறு பைக்குள் விழுங்கப்பட்டு, பையினுள் ஏறும் அமிலத்தன்மையின் உதவியால் புகுகிறது. மாத்திரை அந்த அமிலத்தன்மையைக் குறைத்துவிடுகிறது. மனிதனுடைய நுரையீரல் உயிரணுக்களிலோ, வெட்டும் நொதி வெளிச் சவ்விலேயே தயாராக நிற்பதால், வைரஸுக்குப் பைக்குள் போக வேண்டிய தேவையே இல்லை. 2020-ஆம் ஆண்டின் நடுவில் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் நுரையீரல் உயிரணுக்களில் இதைச் சோதித்துப் பார்த்தபோது மாத்திரை பயன்படவில்லை. அதே காலத்தில் இங்கிலாந்தில் நோயாளிகளிடம் நடந்த பெரிய பரிசோதனையிலும் பயன்படவில்லை. கொல்லைப்புறத்தில் காவல் வைத்துவிட்டுத் தலைவாயிலைத் திறந்து போட்டிருந்தோம்.

கம்ப்யூட்டர் என்னதான் செய்கிறது? புரதத்தின் ஒவ்வோர் அணுவும் இருக்கும் ஸ்தானத்தை எண்களாக வாங்கிக்கொண்டு, மருந்தாக நினைக்கும் மூலக்கூற்றை அதன் மேல் பல்லாயிரம் விதமாகத் திருப்பி வைத்துப் பார்க்கிறது. ஒவ்வொரு வைப்பிலும், மின்னேற்றங்கள் ஒன்றையொன்று இழுக்கின்றனவா தள்ளுகின்றனவா, ஹைட்ரஜன் பிணைப்புகள் எத்தனை அமைகின்றன, எண்ணெய்த் தன்மையுள்ள பகுதிகள் நீரை விட்டு விலகி ஒன்றோடொன்று ஒட்டுகின்றனவா, அணுக்கள் இடித்துக்கொள்கின்றனவா என்றெல்லாம் கூட்டிக் கழித்து ஒரு மதிப்பெண் இடுகிறது. இதற்கு டாக்கிங் என்று பெயர். அமெரிக்காவில் இர்வின் குண்ட்ஸ் என்பவரின் குழு 1982-இல் இதற்கென முதல் புரோகிராம்களில் ஒன்றை வெளியிட்டது. கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறதே தவிர, இதில் உள்ள சங்கடம் சூட்சுமமானது. ஒட்டும் வலிமையைக் கணக்கிடுவதில் ஒரு மோலுக்கு 1.4 கிலோ கலோரி தவறினால், மருந்தின் பிடிப்பு பத்து மடங்கு தவறிப்போகும், 2.8 தவறினால் நூறு மடங்கு. விரைவில் முடிய வேண்டும் என்பதற்காகப் பலவற்றைத் தோராயமாக வைத்துக்கொள்ளும் டாக்கிங் கணக்கில் இவ்வளவு பிழை நேர்வது சகஜம். அதிலும், நீர் மூலக்கூறுகள் விலகுவதால் வரும் லாப நஷ்டத்தையும், புரதம் தானே நெளிந்து கொடுப்பதையும் எண்ணாகப் பிடிப்பது மிகக் கடினம்.

நெளிவைப் பிடிக்க வேறொரு வழி உண்டு. அதற்குத் தந்தை என்று சொல்லத் தக்கவர் ஹைதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான். ஒவ்வோர் அணுவின் மேலும் படும் விசையைக் கணக்கிட்டு, நியூட்டனின் விதிப்படி அது அடுத்த நொடித்துணுக்கில் எங்கே நகரும் என்று கண்டு, அங்கிருந்து மறுபடி கணக்கிட்டு, இவ்வாறே அடி மேல் அடியாக அணுக்களை நடத்திச் செல்வது அந்த முறை. 1964-இல் ரஹ்மான் அமெரிக்காவின் ஆர்கான் ஆராய்ச்சிச் சாலையில் இப்படி நடத்திக் காட்டியவை, திரவ ஆர்கானின் 864 அணுக்கள். 2020-இல் கலிபோர்னியாவில் ரோமி அமாரோ என்ற அம்மையாரின் குழு, சவ்வும் ஸ்பைக்குகளும் உட்பட ஒரு முழு வைரஸின் உறையை நடத்திக் காட்டியபோது, அணுக்களின் தொகை 30 கோடியைத் தாண்டியிருந்தது. ஸ்பைக்கின் மேல் போர்த்தியிருக்கும் சர்க்கரைத் திரள்கள் வைரஸை நம் எதிர்ப்புச் சக்தியிடமிருந்து மறைப்பதோடு நில்லாமல், நிமிர்ந்த தலை கவிழ்ந்துவிடாதபடி முட்டுக் கொடுக்கவும் செய்கின்றன என்பதை அந்தக் குழுவின் கணக்குகளே முதலில் எடுத்துக் காட்டின. பிறகு அந்தச் சர்க்கரைகள் ஒட்டும் இடத்தை மாற்றிச் சோதனைச் சாலையில் பார்த்தபோது, பிடிப்பு குறைந்ததும் உறுதிப்பட்டது.

இத்தனை வல்லமை கைவசம் இருந்தும், நுழைவை மறிக்கும் மருந்து ஏன் உடனே கிடைக்கவில்லை? 2020 பிப்ரவரியில், அப்பொழுது உலகத்திலேயே மிக வேகமான கம்ப்யூட்டராக இருந்த சம்மிட்டைக் கொண்டு, ஓக் ரிட்ஜ் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த இருவர், ஏற்கெனவே அறியப்பட்ட மருந்துகளும் இயற்கைப் பொருள்களுமாக 8,000 சேர்மங்களை ஸ்பைக்கின் தலையோடு பொருத்திப் பார்த்து, 77-ஐப் பொறுக்கி எடுத்தார்கள். உலகப் பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. அந்த 77-இல் ஒன்றுகூடக் கோவிட் மருந்தாக உயர்ந்து வரவில்லை. இதில் கணக்குச் செய்தவர்கள் பேரில் குற்றம் ஒன்றும் இல்லை; அவர்கள் அதை மருந்து என்று சொல்லவுமில்லை. இடர்ப்பாடு வாயிலின் வடிவத்தில் இருந்தது.

நொதியும் அது வினைபுரியும் பொருளும் பூட்டும் சாவியும் போன்றவை என்று எமில் ஃபிஷர் 1894-இல் சொன்னதையே பள்ளிப் புத்தகங்கள் இன்றும் சொல்லிவருகின்றன. நொதிகளுக்கு அது பொருந்தும். அவற்றில் குழி உண்டு, குழிக்குள் சிறு மூலக்கூறு சென்று அடைத்துக்கொள்ளும். இன்ஃபுளுயன்சா வைரஸின் நியூராமினிடேஸ் என்ற நொதிக்கு அப்படி ஒரு குழி இருந்ததனால்தான், ஆஸ்திரேலியாவில் பீட்டர் கோல்மன் 1983-இல் அதன் வடிவத்தைக் கண்டு சொல்லவும், ஆக்ஸ்ஃபோர்டில் எழுதப்பட்ட கிரிட் என்ற புரோகிராமைக் கொண்டு அந்தக் குழியின் எந்த மூலையில் எந்த அணுத்தொகுதி சுகமாக அமரும் என்று கணக்கிட்டு, வான் இட்ஸ்டைன் குழுவினர் ஜனமிவிர் என்ற மருந்தை 1993-இல் அறிவிக்கவும் முடிந்தது. கம்ப்யூட்டரின் ஆதி வெற்றிகளில் தலையாய ஒன்று இது. ஆனால் அந்த நொதி வைரஸ் உயிரணுவை விட்டு வெளியேறுவதற்கு உதவுவது; வெற்றி கிடைத்த இடம் கொல்லை வாசல். எச்.ஐ.வி. வைரஸை நுழைவிலேயே மறிக்கும் மரவிராக் என்ற மருந்து 2007-இல் வந்தது உண்மையே. அதுவோ வைரஸை விட்டுவிட்டு, மனிதனுடைய உயிரணுவில் உள்ள சி.சி.ஆர்.-5 என்ற ஏற்பியின் குழிக்குள் புகுந்து அமர்ந்து, ஏற்பியின் உருவத்தையே மாற்றிவிடுகிறது. அதன் ஆதிச் சேர்மத்தைக் கண்டுபிடித்ததும் பெருந்தொகைச் சேர்மங்களைச் சோதனைச் சாலையில் நேரே சோதித்துத்தான்.

ஸ்பைக்கின் தலை ஏஸ்-2-வைத் தொடும் பரப்பிலோ குழி என்று சொல்லத் தக்கதாக ஒன்றும் இல்லை. அகலமாகவும் ஏறக்குறையத் தட்டையாகவும் உள்ள இரண்டு முகங்கள் ஒன்றையொன்று தழுவுகின்றன. முப்பது நாற்பது அணுக்களே உள்ள ஒரு மாத்திரை மூலக்கூறு அந்தப் பரந்த முகத்தின் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டாலும், தழுவலைத் தடுக்க வலுவில்லாமல் உதறித் தள்ளப்படும். ஆனால் டாக்கிங் புரோகிராமுக்கு இந்த வெட்கமெல்லாம் கிடையாது. எதைக் கொடுத்தாலும் எங்கேயாவது வைத்து ஒரு மதிப்பெண் போட்டே தீரும்.

இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. அந்த நாட்களில் தமிழ்நாட்டில் வீதிதோறும் கபசுரக் குடிநீர் வழங்கினார்கள். ஊரிகத்திலும் அதைக் காய்ச்சாத வீடு குறைவு. அந்தக் குடிநீரின் மூலிகைகளில் உள்ள சேர்மங்களை ஸ்பைக்கோடு டாக்கிங் செய்து பார்த்த கட்டுரைகள் பல வெளியாயின. மதிப்பெண் நன்றாக வந்தது என்பதைக் கொண்டு குடிநீர் வைரஸைத் தடுப்பது நிரூபணமாயிற்று என்று மேடைகளில் பேசியவர்கள், சித்த வைத்தியத்துக்கு உபகாரம் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. மூலிகைச் சேர்மம் குடலில் எவ்வளவு ஏறுகிறது, ஈரலைக் கடந்து ரத்தத்தில் எத்தனை நாழிகை நிற்கிறது, நுரையீரலுக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்ற கேள்விகளில் ஒன்றையும் அந்த மதிப்பெண் தொடுவதில்லை. குடிநீருக்கு வேண்டியது நோயாளிகளிடம் முறையாக நடத்தப்படும் பரிசோதனையே. கம்ப்யூட்டர் தரும் சான்றிதழ் அதற்கு அணிகலனாகாது.

தட்டையான முகத்தை மறைக்க, அதே அளவு முகம் கொண்ட வேறொரு பொருள் வேண்டும். அதாவது ஒரு புரதமே வேண்டும். இயற்கையில் இல்லாத ஒரு புரதத்தை எண்ணத்தில் வடித்து, அது இன்ன வடிவத்தில்தான் மடியும் என்று முன்கூட்டியே சொல்வது எப்படிச் சாத்தியம்? இதற்கு விடை தேடும்போதுதான் கிண்டிக்குப் போக வேண்டியிருக்கிறது.

சர் சி. வி. ராமனின் மாணவராகிய ஜி. என். ராமச்சந்திரன் 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறைக்குத் தலைவராக வந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. அந்த வருஷம் சென்னைக்கு வந்த ஜே. டி. பெர்னல் என்ற ஆங்கில விஞ்ஞானி, தோலிலும் எலும்பிலும் தசைநாண்களிலும் நிறைந்துள்ள கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் புரியாமல் இருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொல்ல, அதையே பிடித்துக்கொண்டார் ராமச்சந்திரன். அடையாற்றுத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் உதவியும் கங்காருவின் வால் நாணும் கிடைக்க, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, மூன்று சுருள் இழைகள் இணைந்த வடிவம் அது என்று 1954-இல் அறிவித்தார். அந்த அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்று ஃபிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் ஆட்சேபித்தார்கள். ஆட்சேபணை வந்தால் கோபித்துக்கொள்ளும் பண்டிதர்கள் உண்டு. ராமச்சந்திரனோ, அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே முதலில் நிர்ணயம் செய்துவிடுவோம் என்று உட்கார்ந்தார். அதுவரை அமைப்பு தெரிந்திருந்த படிகங்களிலிருந்து அணுக்களுக்கு இடையிலான தூரங்களையெல்லாம் திரட்டினார். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இரண்டே கோணங்களில்தான் திரும்பக்கூடியது. அந்த இரண்டு கோணங்களையும் சிறுகச் சிறுக மாற்றி, எந்தச் சேர்க்கையில் அணுக்கள் இடிக்கின்றன, எதில் இடிக்காமல் தப்புகின்றன என்று, ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் உடனிருக்க, மேஜைக் கணக்கு யந்திரங்களின் கைப்பிடியைச் சுழற்றியே கணக்கிட்டார்கள். 1963-இல் வெளியான அந்தச் சதுரப் படத்தில் பெரும் பகுதி வெறுமையாகவே கிடந்தது. அனுமதிக்கப்பட்ட கோணங்கள் சில சிறு தீவுகளில் அடங்கிவிட்டன. புரதம் நினைத்தபடியெல்லாம் மடிய முடியாது, ஜியாமிதி அதற்குக் கடிவாளம் போட்டிருக்கிறது என்பதே அதன் பொருள். இன்று உலகில் எந்த மூலையில் யார் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டதாகச் சொன்னாலும், ராமச்சந்திரன் படத்தில் அது தேறுகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். பிற்பாடு அவர் பெங்களூர் சென்று, இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மூலக்கூறு உயிர்ப்பௌதிகத் துறையைத் தோற்றுவித்தார். இந்தத் துறையின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டேவிட் பேக்கர் குழுவினர் வளர்த்த ரோசெட்டா என்ற புரோகிராம், கோணங்களுக்கு விலை போடும்போது ராமச்சந்திரன் படத்தின் தீவுகளையும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. அதைக் கொண்டு அவர்கள் 2020-இல் ஸ்பைக்கின் தலையைத் தழுவக்கூடிய சிறு புரதங்களை வடிக்கப் புறப்பட்டார்கள். ஏஸ்-2-வில் வைரஸ் பற்றும் சுருளையே எடுத்து அதைச் சுற்றிக் கட்டுவது ஒரு வழி. எதையும் பார்த்து எழுதாமல், ஸ்பைக்கின் முகத்தை மட்டும் பார்த்து முற்றிலும் புதிதாகக் கட்டுவது இன்னொரு வழி. இரண்டாவது வழியில் பிறந்தவையே சிறந்து விளங்கின என்பது எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் வியப்பான சங்கதி. கம்ப்யூட்டரில் வடித்தவை 20 லட்சத்துக்கு மேல். சோதனைச் சாலையில் உண்மையாகவே செய்து பார்த்தவை 1,18,000-க்கு மேல். நன்றாகப் பற்றியவை என்று கடைசியில் எடுத்துச் சொன்னவை பத்து. அஸ்ஸே ஆபீஸ் கணக்குப் பார்த்துப் பழகிய எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இந்த வீதம் அதிர்ச்சி தராது. அந்தப் பத்தில் தலைசிறந்த இரண்டில் ஒன்றில் 56 அமினோ அமிலங்களும் மற்றொன்றில் 64-ம் மட்டுமே உண்டு. ஒரு முழு எதிர்ப்பொருளோடு ஒப்பிட்டால் இருபதில் ஒரு பங்கு அளவுதான். மூன்று சுருள்கள் ஒன்றையொன்று அணைத்து நிற்கும் இந்தக் குட்டிப் புரதங்கள், வளர்ப்பு உயிரணுக்களில் வைரஸை மிக மிகச் சொற்பமான அளவிலேயே மறித்தன. பேக்கருக்கு 2024-இல் ரசாயன நோபல் பரிசில் பாதி கிடைத்தது புரதங்களைப் புதிதாக வடிக்கும் இந்த வித்தைக்காகத்தான்.

இங்கேதான் பெங்களூர் வருகிறது. ராமச்சந்திரன் நிறுவிய அதே துறையில் பணிபுரியும் ஜயந்த சாட்டர்ஜியின் குழு, மூன்று சுருள் புரதத்தை எடுத்து, அதன் மூன்றாவது சுருளை நறுக்கி எறிந்தது. முதல் பார்வைக்கு இது விபரீதமாகத் தோன்றும். மூன்று சுருள்களும் தம் எண்ணெய்ப் பக்கங்களை உள்ளே மறைத்துக்கொண்டு நிற்பவை. ஒன்றை எடுத்துவிட்டால் மற்ற இரண்டின் எண்ணெய்ப் பக்கமும் வெட்டவெளியில் நீரைப் பார்த்துத் தவிக்கும். அந்தத் தவிப்பையே அவர்கள் உபாயமாகக் கொண்டார்கள். கொண்டை ஊசிபோல் மடங்கிய இரு சுருள் துண்டு, தன் எண்ணெய்ப் பக்கத்தை மறைக்க, தன்னைப் போன்ற மற்றொரு துண்டைத் தேடிச் சென்று அதனோடு ஒட்டிக்கொண்டு, நான்கு சுருள் கட்டாக நிற்கிறது. இரண்டு சுருள்களுக்கும் நடுவே உள்ள வளைவில் அமினோ அமிலங்களை மாற்றிச் செப்பனிட்டதும் அந்தக் கட்டு உறுதிப்பட்டது. விளைவு என்னவென்றால், முன்பு ஒரே ஒரு முகத்தால் பற்றிய புரதத்துக்கு இப்பொழுது எதிரெதிராக இரண்டு முகங்கள். ஒரு முகம் ஒரு ஸ்பைக்கின் தலையைப் பற்ற, மறு முகம் வேறொரு ஸ்பைக்கின் தலையைப் பற்றுகிறது.

பற்றுகிறது என்று சொன்னது ஊகம் மாத்திரம் அல்ல. அதே துறையில் சோம்நாத் தத்தாவின் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, இரண்டு ஸ்பைக்குகள் தலையோடு தலை மோதி நிற்க, இரு பக்கத்து மும்மூன்று தலைகளும் நிமிர்ந்த நிலையிலேயே இந்தக் கட்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கும் காட்சி தெரிந்தது. ஏஸ்-2-வைப் பற்ற ஒரு தலையும் மிச்சமில்லை. வைரஸ் துகள்களையும் ஒன்றோடொன்று கோத்துத் திரளாக்கிவிட வல்ல அமைப்பு இது. எஸ்.ஐ.எச்.-5 என்று பெயரிடப்பட்ட இந்தப் புரதத்தைச் சண்டிகரில் உள்ள நுண்ணுயிரித் தொழில்நுட்ப நிறுவனத்தோடு சேர்ந்து ஆராய்ந்தார்கள். பெங்களூரில் அதே துறையைச் சேர்ந்த ராகவன் வரதராஜனின் ஆராய்ச்சிச் சாலையில் வெள்ளெலிகளுக்கு அதைக் கொடுத்து வைரஸுக்கு உட்படுத்தியபோது, அவற்றின் எடை குறையவில்லை. நுரையீரலில் வைரஸின் அளவும் சேதமும் வெகுவாகக் குறைந்திருந்தன. சாதாரண அறை வெப்பத்திலேயே மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது என்பது இதற்கு உள்ள மற்றொரு சிறப்பு. தடுப்பூசிக் குப்பிகளை ஐஸ் பெட்டியோடு சுமந்து திரிந்த சுகாதாரப் பணியாளர்களிடம் கேட்டால் அதன் அருமையைச் சொல்வார்கள். 2022-இல் நேச்சர் கெமிக்கல் பயாலஜி என்ற பத்திரிகையில் இவையெல்லாம் வெளியாயின.

வெள்ளெலி வரையில் வந்தது பெரிய காரியம். ஆனால் வெள்ளெலி மனிதன் அல்ல. வெளியிலிருந்து வரும் புரதத்தை நம் உடம்பு அந்நியப் பொருளாகக் கருதி எதிர்க்குமா, மூக்கில் செலுத்தினால் எத்தனை நேரம் தங்கும், ஒரு வேளைக்கு எவ்வளவு கொடுப்பது என்ற கேள்விகளுக்குக் கம்ப்யூட்டரில் விடை கிடையாது. மனிதரிடம் படிப்படியாகப் பரிசோதித்தே அறிய வேண்டும். வைரஸும் சும்மா இருப்பதில்லை. 2021 நவம்பரில் தலைகாட்டிய ஒமிக்ரான், ஸ்பைக்கின் தலைப்பகுதி ஒன்றிலேயே சுமார் 15 மாற்றங்களோடு வந்தது. ஒரே முகத்தைத் தழுவும்படி அச்சொட்டாக வடிக்கப்பட்ட புரதத்துக்கு முகம் மாறினால் பிடி தளர்வது இயல்பே. சியாட்டில் குழுவினர் தங்கள் புரதங்களை மும்மூன்றாகக் கோத்துப் பிடியை வலுப்படுத்த முயன்றதும் இதனால்தான். ஒரு கை நழுவினாலும் மற்றக் கைகள் விடாமல் பற்றியிருக்கும் என்பது அதன் தத்துவம்.

ஆயினும் கணக்கைக் குறைத்துப் பேசுவது என் நோக்கம் அன்று. நியூட்ரினோ என்ற துகளைப் பௌதிக அறிஞர் பவுலி 1930-இல் காகிதத்தில்தான் முதலில் கண்டார். வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் சுவடு, 1965-இல் நம்முடைய சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் வைத்த கருவிகளில் பிரத்தியட்சமாகப் பதிந்தது. எங்கே, எவ்வளவு ஆழத்தில், எத்தகைய கருவியை வைத்தால் அகப்படும் என்று முன்பே கணக்குச் சொல்லியிராவிட்டால், அங்கே கருவியைக் கொண்டுபோய் வைக்க யாருக்குத் தோன்றியிருக்கும்? அனுமானத்துக்கு உள்ள மரியாதை அதுதான். இன்று விஞ்ஞானக் கழகத்தில் 2022-இல் நிறுவப்பட்ட பரம் பிரவேகா என்ற சூப்பர் கம்ப்யூட்டர், நொடிக்கு 3.3 பெட்டா, அதாவது 33 கோடி கோடி, கணக்குகள் போட வல்லது. கிண்டியில் கைப்பிடி சுழற்றியவர்களுக்கு அது கனவிலும் எட்டாத வேகம்.

இவ்வளவு தூரம் பொறுமையாகப் படித்தவர்களில், இங்கே ராபர்ட்சன்பேட்டையிலோ ஆண்டர்சன்பேட்டையிலோ கல்லூரியில் ரசாயனமோ உயிரியலோ படிக்கும் இளைஞர்கள் இருந்தால், அவர்களுக்கு ஒரு விஷயம் சொல்வேன். 1971 முதல் இயங்கிவரும் புரோட்டீன் டேட்டா பேங்க் என்ற உலகப் பொதுக் களஞ்சியத்தில், கண்டறியப்பட்ட புரத வடிவங்கள் எல்லாம் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளும்படி கிடக்கின்றன. ஆறு, எம், பூச்சியம், ஜே என்ற நான்கு குறிகளை அடுத்தடுத்து அங்கே இட்டால், ஸ்பைக்கின் தலையும் ஏஸ்-2-வும் தழுவிக்கொண்டிருக்கும் வடிவம் திரையில் வரும். அதைச் சுழற்றிப் பார்த்தால், அந்த முகம் எவ்வளவு தட்டையானது என்பதை நான் இங்கே பல வாக்கியங்களில் சொன்னதைவிட நன்றாக ஒரே நிமிஷத்தில் அறியலாம். ஆட்டோடாக் வினா என்ற டாக்கிங் புரோகிராமும் இலவசமே. சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஓடும். செய்து பாருங்கள். கிடைத்த மதிப்பெண்ணைக் கட்டுரையில் எழுதும்போது மட்டும், மருந்து கிடைத்தது என்று எழுதாமல், மதிப்பெண் கிடைத்தது என்று எழுதுங்கள்.